கழுத்து நீண்டது, வால் நீளவில்லை

மலைப்பாதைகளுக்கான மிதிவண்டியை விற்பவர்கள், உயரமானவர்கள் வந்தால் ஓர் அளவுக்குறியைச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ஆறடி இரண்டங்குலமா, எக்ஸ்எல். ஆறடி ஐந்தா, அதுவும் எக்ஸ்எல்தான். நிறுவனம் தாராள மனம் படைத்ததாக இருந்தால் இன்னொரு எக்ஸ் கூடும். இந்தக் குறியை நம்பி நெடியவர்கள் வண்டி வாங்கலாகாது என்பது எங்கள் கட்சி. அது பெரும்பாலும் சட்டகத்தின் முன்பாதியைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

ஒரு காலத்தில் நிலைமை நேரெதிராக இருந்தது. 1870களில் இங்கிலாந்தின் சாலைகளில் ஓடிய பென்னி-ஃபார்த்திங் வண்டியில் மிதிகட்டைகள் முன்சக்கரத்தின் அச்சிலேயே இருந்தன. சக்கரம் பெரிதானால் ஒரு மிதிக்குக் கடக்கும் தூரமும் கூடும். ஆகவே அவரவர் கால் எட்டும் மட்டும் பெரிய சக்கரமாகப் பார்த்து வாங்கினார்கள். நெடியவருக்கு 60 அங்குலச் சக்கரம்கூட வாய்த்தது. கால்நீளமே ஒரு சொத்தாக இருந்த காலம் அது. 1885ல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் வந்து, சங்கிலியால் பின்சக்கரத்தைச் சுழற்றியதும் உடலுக்கும் சக்கரத்துக்கும் இருந்த உறவு அறுந்தது. யாரும் ஏறி ஓட்டலாம் என்றாயிற்று. உலகுக்கு அது பெரும் நன்மை. நெடியவர்களுக்கு மட்டும் சிறு நட்டம்.

மலை மிதிவண்டி பிறந்தபோது அந்த நட்டம் இன்னும் கூடியது. 1970களில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில், ஃபேர்ஃபாக்ஸ் ஊரையொட்டிய மண்பாதைகளில் சில இளைஞர்கள் பழைய ஷ்வின் வண்டிகளில் சரிவிறங்கிப் பந்தயம் விட்டார்கள். 1930களில் பெரும்பாலும் சிறுவர்களை எண்ணிச் செய்யப்பட்ட வண்டிகள் அவை. அவற்றின் 26 அங்குலச் சக்கரமே பின்னர் புதிய இனத்தின் இலக்கணமாக நிலைத்துவிட்டது. யாரும் ஆராய்ந்து முடிவு செய்ததல்ல. கைக்குக் கிடைத்தது அது. அந்தப் பந்தயக் கூட்டத்தில் ஒருவரான கேரி ஃபிஷர், 2000களின் தொடக்கத்தில் 29 அங்குலச் சக்கரத்தை முன்வைத்தபோது கேலி செய்தவர்கள் பலர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் செக் நாட்டின் நெடிய யாரோஸ்லாவ் குல்ஹாவி 29 அங்குலச் சக்கரங்களிலும், அவரைவிடக் குட்டையான சுவிஸ் வீரர் நினோ ஷூர்ட்டர் 27.5 அங்குலச் சக்கரங்களிலும் ஓட்டினார்கள். குல்ஹாவி ஒரே ஒரு வினாடியில் வென்றார். 2016ல் ரியோவில் தங்கம் வென்றபோது ஷூர்ட்டரும் 29க்கு மாறியிருந்தார். ஆக, சக்கரத்தைப் பற்றிய வழக்கு தீர்ந்துவிட்டது என்றே கொள்ளலாம்.

தீராதது சட்டகம். பெரிய அளவு என்று விற்கப்படும் பல வண்டிகளில் நீண்டிருப்பது கழுத்துதான். பெடல் அச்சிலிருந்து கைப்பிடிக் குழாய்வரை கிடைமட்டமாக அளக்கும் ‘ரீச்’ அளவுக்கு அளவு கூடுகிறது. அதே பெடல் அச்சிலிருந்து பின்சக்கர மையம்வரை உள்ள ‘செயின்ஸ்டே’ மட்டும் குட்டை வண்டிக்கும் நெட்டை வண்டிக்கும் ஒன்றாகவே இருக்கிறது. சட்டையின் கையை மட்டும் நீட்டி, உடலை அப்படியே விட்டுத் தைக்கும் தையற்காரரை யாரும் இரண்டாம் முறை நாடுவதில்லை. இங்கோ அது வழக்கமாகிவிட்டது. காரணம் எளிது. எல்லா அளவுக்கும் ஒரே பின்பாகம் என்றால் அச்சுகளின் செலவு மிச்சம்.

இதன் விளைவைப் பள்ளிக்கூட நெம்புகோல் கணக்கே காட்டிவிடும். சரிவில் பெடல்கள்மேல் எழுந்து நிற்கும்போது உடலின் எடை பெடல் அச்சில் இறங்குகிறது. நடுத்தர வண்டியில் சக்கர மையங்களின் இடைவெளி 1200 மில்லிமீட்டர், செயின்ஸ்டே 435 என்று கொள்வோம். எடையில் ஏறக்குறைய 36 விழுக்காடு முன்சக்கரத்துக்குப் போகும். பெரிய வண்டியில் இடைவெளி 1300 ஆகி, செயின்ஸ்டே 435லேயே நின்றால் அது 33.5 ஆகக் குறைகிறது. பழைய விகிதம் வேண்டுமானால் செயின்ஸ்டே 470ஐத் தொட வேண்டும். சிறு வித்தியாசம்தானே என்று தோன்றலாம். தளர்ந்த சரளை வளைவில் முன்சக்கரம் பிடிமானம் இழப்பதும் இழக்காததும் இந்தச் சிறு வித்தியாசத்தில்தான் இருக்கிறது. விழுந்து தோளெலும்பை முறித்துக்கொண்டவரிடம், ‘இன்னும் முன்னே சாய்ந்து ஓட்டப் பழகுங்கள்’ என்பார்கள். வண்டியின் குறை ஓட்டுபவரின் திறமைக்குறைவாக எழுதப்பட்டுவிடுகிறது. எங்களுக்கு உறுத்துவது இதுதான்.

இருக்கைக் குழாயின் சாய்வு இன்னொரு மாயம். விளம்பரத்தில் 76 பாகை என்று போட்டிருப்பார்கள். அது கைப்பிடிக் குழாயின் உச்சி மட்டத்தில் அளந்த சாய்வு. குழாயின் உண்மையான சாய்வு 68 பாகையாக இருந்தால், நெடியவர் இருக்கையை உயர்த்த உயர்த்த அது பின்னால் போய்க்கொண்டே இருக்கும். அவர் உட்காரும் உயரத்தில் 76 என்பது 74 ஆகியிருக்கும். செங்குத்தான ஏற்றத்தில் அவர் ஏறத்தாழ பின்சக்கரத்தின் மேல் அமர்ந்திருப்பார். முன்சக்கரம் தரையை விட்டு எழப்பார்க்கும்.

செயின்ஸ்டே குட்டையாக இருந்தால்தான் வண்டி துள்ளும், முன்சக்கரத்தை எளிதில் தூக்கலாம் என்போர் உண்டு. உண்மைதான். நீண்ட வண்டி குறுகிய கொண்டையூசி வளைவுகளில் திரும்பச் சோம்பும் என்பதும் உண்மை. விளையாட்டே குறிக்கோளாகக் கொண்டவர் அப்படியே வாங்கிக்கொள்ளட்டும். நாள் முழுதும் ஏறி இறங்கும் ஆறடி நான்கு மனிதருக்கு அந்த வாதம் பொருந்தாது. கனடாவின் நார்கோ, கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் போன்றவை அளவுக்கேற்பச் செயின்ஸ்டேயையும் நீட்டிய வண்டிகளைச் செய்திருக்கின்றன. செய்ய முடியாத காரியமல்ல இது.

ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டியது செயின்ஸ்டே அளவுக்கு அளவு மாறுகிறதா என்பதை. அடுத்து, ரீச்சைத் தனியே பார்க்காமல், கைப்பிடிக் குழாயின் உயரமான ‘ஸ்டாக்’ எவ்வளவு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்டாக் குறைந்த வண்டியை வாங்கிவிட்டு, ஸ்டெம்மின் கீழே வளையங்களை அடுக்கிச் சரிசெய்துவிடலாம் என்பது வீண் கனவு. முன்குழாய் 65 பாகைச் சாய்வில் இருந்தால், 30 மில்லிமீட்டர் வளையங்கள் கைப்பிடியை 13 மில்லிமீட்டர் பின்னுக்கு இழுத்துவிடும். காசு கொடுத்து வாங்கிய ரீச்சில் அவ்வளவும் போயிற்று. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் வளையங்களுக்குப் பதிலாக உயரம் கூடிய கைப்பிடியைப் பொருத்தி, இருக்கையை அதன் தண்டவாளத்தில் முன்னுக்குத் தள்ளிப் பார்க்கலாம். ஏற்றத்தில் பாதிக் குறை தீரும். செயின்ஸ்டேயை மட்டும் எதுவும் செய்ய இயலாது.