அம்மாவின் மாம்பழக் கலர் சுங்குடி



போன இதழில், "அடுத்த முறை சந்திக்கும்போது போர்வையின் மேல்பாகம் முடிந்திருக்கும்" என்று வீறாப்பாக எழுதிவிட்டேன். முடியவில்லை! 260 சதுரங்களில் 252 தான் தேறுகிறது. பாக்கி எட்டும் அரக்கோணத்தில், என் தங்கை வீட்டு பீரோவில் இருக்கின்றன. அவை அங்கே எப்படிப் போயின என்பதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். "உன் தப்பையும் எழுது. படிக்கிறவங்களாவது அதைப் பண்ணாம இருப்பாங்க" என்றார் இவர். சரி, எழுதுகிறேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. 2022-ல் காலமான என் அம்மாவின் நூல் புடவைகள் பதினொன்றை வெட்டி ஒட்டுப்போர்வை தைத்துக்கொண்டிருக்கிறேன். 'குவில்ட்' என்கிறார்களே, அதுதான். மேலே ஒட்டுத் துணி, நடுவே கனத்துக்கு ஒன்று, அடியில் ஒரு துணி; மூன்றையும் சேர்த்துத் தையல் ஓடும். சதுரம் வெட்டும்போது 5 அங்குலம். நாலு பக்கமும் கால் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். தைத்தபின் நாலரை அங்குலம் நிற்கும். குறுக்கே 13, நெடுக்கே 20. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஐம்பத்தெட்டரைக்குத் தொண்ணூறு அங்குலம். ஒற்றைக் கட்டிலுக்குச் சரியாக இருக்கும்.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது 2019 ஜனவரியில். சென்னையில் இந்தியா குவில்ட் திருவிழா நடந்ததே, அதற்குப் பக்கத்து வீட்டுப் பெண் என்னை இழுத்துக்கொண்டு போனாள். சுவர் சுவராகப் போர்வைகள்! கோயில் கோபுரமே துணியில் நிற்கிற மாதிரி இருந்தது. "இதென்ன புதுசு, நம்ம தேர்லே தொங்குற தொம்பை ஒட்டு வேலைதானே" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் வண்ணத் துணியை வெட்டி வைத்துத் தைக்கிற தொம்பையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனாலும் வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் பழைய தலையணை உறைகளை எடுத்து வெட்ட ஆரம்பித்துவிட்டேன்!

"அம்மா புடவையை வெட்ட உங்களுக்கு எப்படி மனசு வந்தது?" என்று பல வாசகிகள் கேட்டு எழுதியிருந்தார்கள். மனசு வரவில்லைதான். ஒன்றரை வருஷம் டிரங்குப் பெட்டியில் அப்படியே வைத்திருந்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. அம்பத்தூர், ஆவடி பக்கமெல்லாம் தண்ணீர். எங்கள் திருமுல்லைவாயில் வீட்டிலும் கணுக்கால் மட்டும் நின்றது. அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றினேன், மகனின் புத்தகங்களை ஏற்றினேன், பெட்டி நினைவுக்கு வரவில்லை. தண்ணீர் வடிந்து மூன்றாம் நாள் திறந்தால் அடியில் இருந்த புடவைகளில் கறுப்புப் புள்ளி விழுந்து, மடிப்பு மடிப்பாகப் பூஞ்சை வாடை. துவைத்துக் காய வைத்தேன். சில புடவைகள் மடிப்பிலேயே கிழிந்தன. வைத்துக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு நான்தான் அவற்றை மக்க விட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் வெட்டுவது என்று தீர்மானித்தேன். கத்தரிக்கோலை எடுக்க அதற்கப்புறமும் பல மாதமாயிற்று. அது வேறு கதை.

வெட்டுவதற்கு முன்னால் எங்கள் தெரு மாமா ஒருவரிடம் போய்க் கேட்டேன். ஆவடி ராணுவ உடைத் தொழிற்சாலையில் தையல் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். (2021 அக்டோபரிலிருந்து அந்தத் தொழிற்சாலை ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் என்கிற அரசுக் கம்பெனியின் கீழ் இருக்கிறது. மாமாவுக்கு மட்டும் இன்றும் அது 'நம்ம ஃபேக்டரி'தான்.) "சட்டையோ போர்வையோ, நேர் நூல் பிடிச்சு வெட்டும்மா. கிராஸா வெட்டினா ரெண்டாவது சலவையிலே கோணிக்கும்" என்றார். புடவையின் கரையை ஒட்டி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் நேர் நூல் தானாக வந்துவிடும். இன்னொன்றும் சொன்னார். அடர்ந்த கலர்ப் புடவையை வெட்டுமுன் ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்க்க வேண்டும். சாயம் ஒட்டினால் அந்தப் புடவை போர்வைக்கு ஆகாது. அம்மாவின் அரக்குச் சேலை ஒன்றை அப்படித்தான் ஒதுக்கினேன்.

நானும் என் பங்குக்கு இதே பக்கத்தில் ஒரு யோசனை எழுதியிருந்தேன்: 'கிழிசல், பொத்தல், தைத்த இடம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, பழுதில்லாத இடமாகப் பார்த்து வெட்டுங்கள்' என்று. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பங்குனி பிறந்த சமயம் தங்கை போன் செய்தாள். பேச்சு வழக்கமான பேச்சுதான். அவள் மாமியாருக்குக் கால் வீக்கம், என் பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. கடைசியில், "அக்கா, அம்மாவோட மாம்பழக் கலர் சுங்குடி உன்கிட்டதானே இருக்கு? அதை மட்டும் எனக்குக் குடுத்துடு" என்றாள்.

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அந்தப் புடவையைத்தான் முதலில் வெட்டியிருந்தேன்! மதுரைச் சுங்குடி. நூலால் புள்ளி புள்ளியாக முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கிற பழைய ரகம். மதுரை சௌராஷ்டிரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்கிற வேலை; 2005-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மஞ்சளில் வெள்ளைப் புள்ளி, பச்சைக் கரை. போர்வைக்கே அதுதான் வெளிச்சம் என்று 24 சதுரம் எடுத்திருந்தேன்.

"பெட்டியிலே தேடிப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சொல்ல வாய் வரவில்லை. வெட்டிவிட்டேன் என்று சொன்னேன்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை. அம்மாவைக் கடைசி வரை வைத்துப் பார்த்தது நான், புடவையும் என் வீட்டில்தான் இருந்தது. கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. சமாதானம் சொல்கிற நினைப்பில், எங்கேயோ படித்த ஒன்றை எடுத்து விட்டேன். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஓர் ஊர். கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலைத் துணிகளை வைத்தே போர்வை தைத்துக் குளிருக்குத் தப்பித்தவர்கள். அங்கே மிசௌரி பெட்வே என்பவர், கணவர் இறந்தபின் 1942-ல் அவர் வயலுக்குப் போட்டுப் போன உடுப்புகளை வெட்டி, அவர் நினைவாக ஒரு போர்வை தைத்தார். அந்த ஊர்ப் போர்வைகள் 2002-ல் பெரிய மியூசியங்களில் இடம் பிடித்தன. 2006-ல் தபால்தலையிலேயே வந்தன. இதையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "அவங்க வெட்டினது அவங்க புருஷன் துணி. நீ வெட்டினது நம்ம அம்மா துணி." போனை வைத்துவிட்டாள்.

பன்னிரண்டு நாள் பேசவில்லை. நான் இரண்டு தரம் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மூன்றாவது தரம் கூப்பிட எனக்கும் ரோஷம்.

அந்தப் பன்னிரண்டு நாளும் தையல் மட்டும் நன்றாக நடந்தது. மனசு சரியில்லாதபோது கைக்கு வேலை கொடுப்பது நல்லதுதான். ஆனால் பிள்ளை படிக்கிற அறைக்குப் பக்கத்தில் மெஷின் கடகடவென்று ஓடக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. அதனால் ராத்திரி சாப்பாடு முடிந்து பாத்திரம் கவிழ்த்தபின், கூடத்து விளக்கின் கீழ் கையாலேயே ரன்னிங் தையல் போட்டேன். ஊசியில் நூல் கோர்ப்பதுதான் பெரிய பாடு! நாற்பது தாண்டினால் வெள்ளெழுத்து வந்துவிடுகிறது. நான்தான் ஒப்புக்கொள்ளாமல் ஊசியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வழியாகக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். தலைவலி பாதி குறைந்தது. என் வயதுக்காரர்கள் யாராவது கையை நீட்டி வைத்துக் கோர்த்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து கண்ணைக் காட்டிவிட்டு வாருங்கள். ஒரே இடத்தில் குனிந்தும் உட்காராதீர்கள். இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து நடந்தால் கழுத்துப் பிடிப்பு வராது.

பௌர்ணமி வந்தது. உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பௌர்ணமியன்று மூன்று அம்மன்களை ஒரே நாளில் தரிசிக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சிவேளையில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் எங்கள் ஊர் கொடியிடையம்மன். என் தங்கை நேர்ந்துகொண்டு செய்கிறவள். ஆக, எத்தனை கோபமானாலும் அவள் நாள் எங்கள் ஊரில் வந்துதான் முடிய வேண்டும்! மாசிலாமணீசுவரர் கோயிலிலிருந்து என் வீடு பத்து நிமிஷ நடை. வருவாளா மாட்டாளா என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ஏழு மணிக்கு வந்தாள்.

"காபி போடு" என்றாள். அவ்வளவுதான்.

காபி கலந்து கொண்டு வருவதற்குள் கூடத்தில் விரித்திருந்த போர்வைப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். மஞ்சள் சதுரங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். தைத்த வரிசைகளில் 16, தைக்காமல் ஒதுக்கில் 8. எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்த ஓட்டை எங்கே?" என்று கேட்டாள்.

எந்த ஓட்டை? எனக்கு விளங்கவில்லை.

அவளுக்கு ஆறு வயது தீபாவளியில், கம்பி மத்தாப்பைச் சுற்றியபோது பொறி பறந்து அம்மாவின் புது முந்தானையில் விழுந்ததாம். அடி விழும் என்று மாடிப்படிக்கு அடியில் ஒளிந்துகொண்டாளாம். அம்மா அடிக்கவில்லை. அன்று ராத்திரியே அந்தப் புடவையின் ஓரத்திலிருந்தே நூல் உருவி ஓட்டையை அடைத்தாளாம், இவளை மடியில் போட்டுக்கொண்டு. எனக்கு இது தெரியவே தெரியாது. நான் அப்போது தெருவில் வெடி போட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தைத்த இடத்தை ஒதுக்கி வெட்டச் சொன்ன ஆசாமி நான்தானே! தலையணைக்குள் அடைக்கலாம் என்று கழிவுத் துணியையெல்லாம் ஒரு பையில் போட்டு வைத்திருந்தேன். அதைக் கூடத்தில் கொட்டினோம். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து நாடா மாதிரி, முக்கோணம் மாதிரி கிடந்த துண்டுகளையெல்லாம் பிரித்தோம். பிள்ளை புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வந்து, "என்னம்மா தொலைஞ்சு போச்சு?" என்றான். அரை மணி கழித்து அவன் கையில்தான் கிடைத்தது. உள்ளங்கை அகலத் துண்டு. நடுவே பட்டாணி அளவுக்கு நூல் பின்னல். குறுக்கே ஒன்று மேலே, ஒன்று கீழே என்று பாய் பின்னுகிற மாதிரி. என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தும் எங்கே தொடங்கி எங்கே முடித்தாள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

தங்கை அதைக் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டாள். தைக்காமல் இருந்த எட்டுச் சதுரங்களையும் எடுத்தாள். "இதையும் கொண்டு போறேன். தைப்பேனா மாட்டேனா, சொல்ல முடியாது" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டேஷன் வரை போய் அரக்கோணம் லோக்கலில் ஏற்றிவிட்டு வந்தேன்.

ஆகவே சகோதரிகளே, நான் முன்பு எழுதியதைத் திருத்திக்கொள்ளுங்கள். போனவர்களின் புடவையை வெட்டுமுன், உடன்பிறந்தவர்களை ஒரு தரம் கேளுங்கள். முழுப் புடவையையும் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். தைத்த இடம், கறை, கிழிசல் எதுவானாலும் யாருக்காவது தெரிந்த கதை அதில் இருக்கலாம். அந்த இடத்தைத் தனியாக எடுத்து, நல்ல துணி மேல் வைத்து ஓரம் மடித்துத் தைத்தால் போர்வையிலேயே நிற்கும். வங்காளத்துக் காந்தா வேலையில் பழம்புடவைக் கரையிலிருந்தே நூல் உருவித் தைப்பது வழக்கம். நம் அம்மாவும் அதைத்தான் செய்திருக்கிறாள், பெயர் தெரியாமல்.

இடம் குறைவு. ஒரு கடிதத்துக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். ஆவடி வாசகி ஒருவர், மூன்று மாதக் குழந்தைக்கு ஒட்டுப்போர்வை தைத்துப் போர்த்தலாமா என்று கேட்கிறார். தையுங்கள், ஆனால் போர்த்த வேண்டாம். ஒரு வயது முடியும் வரை குழந்தை தூங்கும் இடத்தில் கனமான போர்வை, தலையணை எதுவும் இருக்கக் கூடாது. முகத்தை மூடினால் தள்ளிவிட அதற்குத் தெரியாது. விழித்திருக்கும்போது தரையில் விரித்துக் குப்புறப் போட்டு, நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளுங்கள். நடுக் கனத்துக்கு நைந்த வேஷ்டி இரண்டு மடிப்புப் போதும். நம் ஊர் வெயிலுக்குப் பாலியஸ்டர் பஞ்சு புழுங்கும்.

அடுத்த இதழில் மூன்று அடுக்கையும் நடுவிலிருந்து ஓரத்துக்குக் குண்டூசி குத்துவது, கிராஸ் பைப்பிங் போடுவது இரண்டையும் சொல்கிறேன். நாலு மூலைக்கும் வடகர்நாடகத்துச் சித்தி இனப் பெண்கள் தங்கள் கவந்தியில் வைக்கிற 'பூலா' வைக்கப் போகிறேன். முக்கோணமாக மடித்த சின்னத் துணிப் பூ. அது இல்லாத போர்வை அம்மணமாக இருக்கிறது என்பார்களாம்!

எட்டுச் சதுரம்? நேற்று ராத்திரி ஒன்பதரைக்கு போன் வந்தது. "அக்கா, கைத்தையலுக்கு ஊசி எத்தனாம் நம்பர் வாங்கணும்?" என்றாள். ஒன்பது என்றேன்.