கல் பால் குடிப்பதில்லை. ஆயினும் பால்குடம் எடுக்கிறேன்



அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "டீச்சர், முன்பு ஒரு நாள் பிள்ளையார் சிலை பால் குடித்ததாமே! பாட்டி கண்ணால் பார்த்தாராம். அது உண்மையா?"

நானும் பார்த்தவள்தான். 1995ஆம் ஆண்டு செப்டம்பர் 21, வியாழக்கிழமை. புதுடில்லியில் விடியற்காலையில் கிளம்பிய செய்தி அன்றே கடல் கடந்து பரவியது. அப்பொழுது எனக்கு வயது 14. அம்மாவோடு கோவில் வரிசையில் நின்றேன். துதிக்கையருகே நீட்டிய கரண்டியில் பால் குறைந்ததைக் கண்டு உடல் சிலிர்த்தது.

பால் குறைந்தது உண்மை. சிலை குடித்தது என்பதுதான் உண்மையன்று. இந்திய அறிவியலாளர்கள் பாலில் வண்ணம் கலந்து சோதித்தார்கள். பரப்பு இழுவிசை பாலைக் கரண்டியின் விளிம்பிலிருந்து சிலையின்பால் இழுக்கிறது. பின்னர் அது மெல்லிய படலமாகச் சிலையின் மீது வழிந்து கீழிறங்குகிறது. வெறும் பாலில் அப்படலம் எளிதில் கண்ணுக்குத் தெரிவதில்லை. வண்ணம் கலந்ததும் தடம் தெரிந்துவிட்டது.

வகுப்பில் அதையே செய்து காட்டினேன். ஈரக்கல் ஒன்று, கரண்டி ஒன்று, சிரப் கலந்து பண்டோங் நிறமாக்கிய பால். மாணவர்கள் முண்டியடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

மறுநாள் ஒரு தாயார் தொலைபேசியில் அழைத்தார். "டீச்சர், நீங்களே இப்படிக் கற்றுக்கொடுத்தால் நாளைக்கு என் பிள்ளை சாமி கும்பிடுவானா?" என்று வருந்தினார். அவருடைய கவலை எனக்குப் புரிந்தது. அவருக்குச் சொன்ன மறுமொழியை உங்களிடமும் பகிர்ந்துகொள்கிறேன்.

நான் ஆண்டுதோறும் தைப்பூசத்திற்குச் செர்டாங் நிலையத்தில் கொமுட்டர் ரயில் ஏறிப் பத்துமலைக்குச் செல்கிறேன். பால்குடம் சுமந்து 272 படிகளும் ஏறுகிறேன். என் மகள் குறைமாதத்தில் பிறந்து பிழைத்தாள். அவளைக் காத்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் நன்றி சொன்னேன். அப்படியும் நெஞ்சில் மிஞ்சி நின்ற நன்றிக்காக எடுத்த குடம் அது.

ஆனால் அங்கும் ஒரு கேள்வி இருந்தது. அடுத்த இன்குபேட்டரில் இருந்த குழந்தை பிழைக்கவில்லை. என் வேண்டுதல் பலித்ததென்றால் அந்தத் தாயின் வேண்டுதலில் என்ன குறை? பல ஆண்டுகள் எண்ணிப் பார்த்தும் எனக்கு விடை கிடைக்கவில்லை. ஆகவே, "வேண்டினேன், கொடுத்தான்" என்று பிறரிடம் சொல்லுவதை நிறுத்திவிட்டேன். இப்பொழுது நன்றி மட்டும் சொல்கிறேன். கேள்வி என் பக்தியைப் பறிக்கவில்லை. அதிலிருந்த தற்பெருமையைத்தான் பறித்தது.

கேள்வி கேட்டால் பக்தி கரைந்துவிடும் என்று அஞ்சுவோர் வள்ளலாரை எண்ணிப் பார்க்க வேண்டும். இளமையில் சென்னைக் கந்தகோட்டத்து முருகனை உருகிப் பாடியவர் அவர். 1867இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கினார். 1872ஆம் ஆண்டுத் தைப்பூசத்தன்று சத்திய ஞானசபையில் ஒளி வழிபாட்டைத் தொடங்கிவைத்தார். 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் கொடியேற்றி ஆற்றிய பேருரையில், சைவ சமயத்தின்மீது தமக்கு முன்பு அளவற்ற பற்று இருந்ததையும், அப்பற்றைத் தாம் விட்டுவிட்டதையும் ஒளிவு மறைவின்றிச் சொன்னார். முன்பிருந்த பற்றுக்குத் தம்முடைய பழைய பாடல்களையே சான்று காட்டினார். அதனால் இறைவனை விட்டாரா? இல்லையே! அருட்பெருஞ்சோதியாக வழிபட்டார். அவர் தொடங்கிய தருமச்சாலையில் இன்றும் பசித்தோர்க்கு உணவு வழங்கப்படுகிறது.

நம் பள்ளிகளிலும் இவ்விரண்டும் உண்டு. 1970இல் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாராவின் முதற்கோட்பாடு இறைவன் மீது நம்பிக்கை வைத்தல். நன்னெறிக் கல்வியிலும் அதற்கே முதலிடம். அறிவியல் பாடத்திலோ உற்றறிந்து, சோதித்து, முடிவு செய்யக் கற்பிக்கிறோம். ஒரே பிள்ளைதான் இரண்டு பாடங்களிலும் அமர்ந்திருக்கிறது. ஒன்றைக் கற்கும்போது மற்றொன்றை மறந்துவிடு என்று அதனிடம் எப்படிச் சொல்வது?

ஆகவே, நாம் செய்யக்கூடியவை:

1. பிள்ளை கேள்வி கேட்டால் "சாமி கண்ணைக் குத்தும்" என்று வாயை அடைக்க வேண்டாம். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவள்தான். அச்சத்தால் வாய்மூடிய பிள்ளை கேள்வியை விடுவதில்லை. நம்மிடம் கேட்பதைத்தான் விட்டுவிடுகிறது.

2. சோதிக்கக்கூடியதைச் சோதிப்போம். சிலை பால் குடித்ததா என்பதைக் கரண்டியும் வண்ணமும் சொல்லிவிடும். இறைவன் உண்டா என்பதற்குக் கரண்டி உதவாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வோம்.

3. ஆராய்ச்சியை நம் நம்பிக்கையிலிருந்து தொடங்குவோம். பல சமயத்தார் வாழும் நாடு இது. பக்கத்து வீட்டார் வழிபாட்டைக் கேலி செய்வது பகுத்தறிவு ஆகாது. கோவிலுக்குப் போகிறவரையெல்லாம் மூடர் என்று சிரிப்பதும் அப்படியே.

அந்தத் தாயார் உடனே உடன்பட்டார் என்று சொல்லமாட்டேன். "யோசித்துப் பார்க்கிறேன் டீச்சர்" என்றார். அதுவே எனக்குப் போதும்.

மாணவனும் வீட்டிற்குச் சென்று பாட்டியிடம் எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறான். பாட்டி கோபிக்கவில்லையாம். "அப்படியா! ஆனால் அன்றைக்குக் கோவிலில் எனக்கு வந்த கண்ணீர் பொய்யில்லையே" என்றாராம். இருவரும் சொன்னது உண்மைதான். இரண்டையும் கேட்கும் பொறுமை நமக்கு வேண்டும்.

சிந்திப்போம்.