அரைக் கட்டம் செய்யும் குறும்பு

"வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் சின்னங்களும் லேபிள்களும் வரைந்து கொடுத்து நாலு காசு சம்பாதிக்கிறேன். ஒரு கடைக்காரர் நான் வரைந்த சின்னத்தைப் பார்த்துவிட்டு, 'கோடெல்லாம் புகை படிந்தாற்போல் இருக்கிறது. இதற்குப் பணம் கிடையாது' என்கிறார். என் கைபேசியில் பார்த்தால் பளிச்சென்று இருக்கிறது. யார் கண்ணில் கோளாறு?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

இருவர் கண்ணிலும் கோளாறு இல்லை, அம்மா! எல்லாம் அரைக் கட்டம் செய்யும் குறும்பு.

கிராஸ் ஸ்டிச் போடும் மேட்டித் துணியை நினைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் திரையும் அப்படித்தான். சின்னஞ்சிறு சதுரக் கட்டங்களால் ஆனது. ஒவ்வொரு கட்டத்துக்கும் பிக்ஸெல் என்று பெயர். ஒரு கட்டத்துக்கு ஒரே நிறம்தான். பாதி கறுப்பு, பாதி வெள்ளை என்பது நடக்காது.

ஆனால் இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப் போன்ற மென்பொருள்கள் தாராள மனசு படைத்தவை. ஒரு பெட்டியின் விளிம்பைப் பத்தரையாவது கட்டத்தில் வைத்தாலும் 'சரி' என்று ஏற்றுக்கொள்ளும். அதைப் படமாக மாற்றும்போதுதான் சங்கடம். பாதி மட்டும் நிரம்பிய கட்டத்துக்கு என்ன நிறம் கொடுப்பது? கறுப்பையும் வெள்ளையையும் கலந்து சாம்பல் பூசிவிடுகிறது. வளைவுகளுக்கு இந்த உபாயம் நல்லதே. படிக்கட்டுப் போலப் பல் தெரியாமல் காப்பாற்றும். நேர்க்கோட்டுக்கோ அதுவே வினையாகிவிடுகிறது.

கைபேசி மட்டும் ஏன் காட்டிக் கொடுக்கவில்லை? அதன் கட்டங்கள் மிகமிகப் பொடியானவை. மங்கல் இருந்தாலும் கண்ணுக்குப் படாது. கடைக்காரரின் மேஜைத் திரையில் கட்டங்கள் பெரியவை, குட்டு வெளிப்பட்டுவிடுகிறது.

ஊசியும் நூலும் பிடித்த கைகளுக்கு இந்தக் கட்டக் கணக்கு புதிதல்ல. 1984-ல் வெளிவந்த மாக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்குச் சின்னங்கள் வரைந்தவர் சூஸன் கேர் என்ற அமெரிக்கப் பெண்மணி. ஒரு சின்னத்துக்கு 32-க்கு 32, ஆக 1,024 கட்டங்கள். கட்டம் போட்ட காகிதத்தில் ஒவ்வொன்றாக நிரப்பிப் பார்த்தார். அந்த வேலையைத் தையலோடும் மொசைக்கோடும் அவரே ஒப்பிட்டிருக்கிறார். அந்தத் திரையில் கறுப்பும் வெள்ளையும்தான்; சாம்பலுக்கே இடமில்லை. இன்று நமக்கு நிறங்கள் ஏராளம். அதனால்தான் கவனமும் அதிகம் தேவை.

இனி வைத்தியத்துக்கு வருவோம்.

முதலில், அளவை மில்லிமீட்டரிலிருந்து பிக்ஸெலுக்கு மாற்றுங்கள். பிறகு பெட்டியைத் தொட்டு, அதன் இடத்தையும் அகல உயரத்தையும் பாருங்கள். 24.37 என்றெல்லாம் இருந்தால் 24 என்று முழு எண்ணாக்குங்கள். பாதி நோய் அங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது, கோட்டின் கனம். ஒரு பிக்ஸெல் கனமுள்ள கோட்டைச் சரியாக முழு எண்ணில் வைத்தும் மங்குகிறதே என்பார்கள். காரணம், கனம் கோட்டுக்கு இருபுறமும் பாதிப் பாதியாகப் பரவுகிறது. ஒரு கறுப்புக் கோடு இரண்டு சாம்பல் கோடாகிவிடுகிறது! அந்தக் கோட்டை அரை பிக்ஸெல் நகர்த்துங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் மூடிய வடிவமானால் கனம் முழுவதையும் உட்புறமாகவே வைத்துவிடலாம். இங்க்ஸ்கேப் வழக்கமாகக் கனத்தையும் சேர்த்தே இடத்தைக் காட்டும். அங்கே தெரியும் எண்ணை முழு எண்ணாக்கினால் போதும்.

மூன்றாவது, நடுவில் வைப்பது. 32 பிக்ஸெல் பெட்டியின் நடுவில் 15 பிக்ஸெல் பூவை வைத்தால் பக்கத்துக்கு எட்டரை மிஞ்சும், அரை வந்துவிட்டது! பூவை 16 அல்லது 14 ஆக்குங்கள். இரட்டைக்கு இரட்டை, ஒற்றைக்கு ஒற்றை என்பதே விதி.

நான்காவது, ஒட்டி வைத்த இரண்டு கறுப்புத் துண்டுகளுக்கு நடுவே தெரியும் மெல்லிய வெளிர்க் கீறல். இரண்டும் அரைக் கட்டத்தில் சந்தித்தால், முதல் துண்டு பாதியை மறைக்கும். இரண்டாவது, மிச்சத்தில் பாதியைத்தான் மறைக்கும். அரையும் அரையும் சேர்ந்து முக்கால்தான் ஆகிறது! மீதிக் காலில் பின்னணி எட்டிப் பார்க்கிறது. விளிம்பை முழு எண்ணுக்கு நகர்த்துங்கள். அல்லது ஒரு துண்டை மற்றதன் அடியில் சிறிது நுழைத்துவிடுங்கள்.

ஐந்தாவது, கடைசி நிமிஷத்தில் சுருக்குவது. 64 பிக்ஸெலில் கச்சிதமாக வரைந்ததை 20 ஆகச் சுருக்கினால் எல்லாக் கணக்கும் கலைந்துவிடும். பெரியவரின் சட்டையைப் பிடித்துத் தைத்துக் குழந்தைக்குப் போட்டால் அழகாக இருக்குமா? சின்ன அளவுக்குத் தனியே, நுணுக்கங்களைக் குறைத்து வரைவதே மேல்.

அனுப்புமுன் ஒரு சோதனை. இல்லஸ்ட்ரேட்டரில் 'பிக்ஸெல் ப்ரிவியூ' என்ற வசதி உண்டு. படமாக மாறினால் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே காட்டும். எதில் வரைந்தாலும், முடிந்த படத்தைச் சாதாரண மேஜைத் திரையில் நூறு சதவீத அளவில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கல்யாணப் பத்திரிகை போல அச்சுக்குப் போகும் வேலையைக் கோட்டுச் சித்திரமாகவே கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. அச்சு யந்திரத்தின் புள்ளிகள் திரையைவிட மிக நெருக்கமானவை.

இவ்வளவும் அரைமணி நேர வேலை. அதற்காக உழைத்த பணத்தை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? திருத்திய படத்தையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிக் கேளுங்கள். இனிமேல் எந்த வேலையை ஒப்புக்கொண்டாலும், "எந்தத் திரையில், எத்தனை பிக்ஸெல் அளவில் வேண்டும்?" என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அளவு கேட்காமல் ரவிக்கைத் துணியில் யாராவது கத்திரி வைப்பார்களா?