பரண் மேல இருந்த மருந்து டப்பா

போன மாசம் சாளையை ஒதுங்க வைக்கும்போது பரண் மேல ஒரு பழைய தகர டப்பா கிடைச்சுது. மூடியைத் திறந்தா கருமருந்து, கால்வாசி இருக்கும். அப்பாரு காலத்துல பயிர்க் காவலுக்கு லைசன்சோட ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்துச்சு. அவர் போனதும் துப்பாக்கியையும் லைசன்சையும் ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டோம். இந்த டப்பாவை எல்லாருமே மறந்துட்டோம்.

பக்கத்துத் தோட்டத்து மாமாவுக்கு விஷயம் தெரிஞ்சதும் வந்துட்டார். "மாப்ள, அதை எனக்குக் குடுத்துரு. சும்மா வேண்டாம், காசு தர்றேன். உனக்கு அது என்னத்துக்கு ஆகுது?" அவர்கிட்ட இன்னும் லைசன்ஸ் துப்பாக்கி இருக்கு. மூணு நாள் முன்னாடிதான் பன்னிக்கூட்டம் அவரோட அரை ஏக்கர் கடலைக்காயை ஒரே ராத்திரியில கிளறிட்டுப் போயிருந்துச்சு.

முடியாதுன்னு சொல்லிட்டேன். அன்னையிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. மண்வெட்டி, விதை, மோட்டாருக்கு டீசல்னு எது கேட்டாலும் கொடுத்து வாங்கற வீடுங்க எங்க ரெண்டு வீடும். மருந்துல மட்டும் என்ன கணக்குன்னு அவருக்குக் கோபம். அந்தக் கணக்கைத்தான் இங்க எழுதறேன்.

முதல் விஷயம், டப்பாவுக்குள்ள இருக்கறது எதுன்னு எனக்கே உறுதியா தெரியாது. குழல் வாய் வழியா மருந்து இடிச்சுக் கெட்டிக்கற துப்பாக்கி கருமருந்தை மட்டும்தான் தாங்கும். ரைபிள் தோட்டாவுல போடற புகையில்லா மருந்து வேற சாதி. ரெண்டும் பார்க்கறதுக்கு ஒரே மாதிரி கருப்புக் குருணையா இருக்கலாம். மாத்திப் போட்டா குழல் வெடிச்சு, சுடறவர் கண்ணும் விரலும் போகும். அமெரிக்காவுல தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கறவங்க நிறையப் பேர் இருக்காங்க. ஒரு பவுண்டை 7000 பங்காக்கினா வர்றதுதான் அவங்களுக்கு ஒரு கிரெயின். அந்த அளவுக்கு நிறுத்துப் போடறாங்க. அவங்களே பேர் ஒட்டாத, பிரிச்ச டப்பா மருந்தைத் தொடக் கூடாதுன்னு வெச்சிருக்காங்க. நம்ம ஊர்ல அளவு உள்ளங்கைதானே?

"பழசு, நமுத்துப் போயிருக்கும், ஒண்ணும் ஆகாது"ன்னும் சிலர் சொன்னாங்க. நமுத்த கருமருந்து காய்ஞ்சா திரும்பவும் பத்திக்கும். செத்துப்போச்சுன்னு நம்பறதுதான் ஆபத்து.

ரெண்டாவது, கையை விட்டுப் போன மருந்து எங்க போகும்னு யாராலும் சொல்ல முடியாது. மாமா சத்தத்துக்குத்தான் போடுவார், அதுல எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா அவர்கிட்ட இன்னொருத்தர் கேட்பார், அவர்கிட்ட மூணாவது ஆள் கேட்பான். கடைசியில அது அவுட்டுக்காயா மாறும். பன்னிக்கு வைக்கறதை மாடும் கடிக்குது, நாயும் கடிக்குது, ஆனையும் கடிக்குது. வாய் கிழிஞ்ச ஆனை உடனே சாகறதில்லை. தின்ன முடியாம நாள்கணக்குல பட்டினி கிடந்து சாகுது. 2020 மே 27 அன்னைக்குப் பாலக்காடு பக்கம் வெள்ளியாற்றுத் தண்ணிக்குள்ள நின்னே செத்துப்போன கர்ப்பிணி ஆனையை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த வெடிக்கும் மருந்து யாரோ ஒருத்தர் கையிலிருந்துதானே போயிருக்கும்?

மூணாவது, சட்டம். லைசன்ஸ் உள்ளவரே தன் துப்பாக்கியையோ தோட்டாவையோ இன்னொரு லைசன்ஸ்காரருக்கு விக்கணும்னா, முன்கூட்டியே எழுத்துல தெரிவிச்சு 45 நாள் காத்திருக்கணும்னு 1959 ஆயுதச் சட்டம் சொல்லுது. லைசன்சே இல்லாத நான் எந்தக் கணக்குல விக்கறது?

மாமா கோபத்துல நியாயம் இல்லைன்னு நான் சொல்ல வரலை. 2025 ஜனவரியில காட்டுப்பன்னியைச் சுட அரசு அனுமதி கொடுத்துச்சு. ஆனா காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தாண்டின இடத்துல மட்டும், அதுவும் வனத்துறை ஆளுங்கதான் சுடணும். காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள இருந்தா சுடவும் முடியாது, பிடிக்கவும் முடியாது. எங்க ரெண்டு பேர் தோட்டமும் அதுக்குள்ளதான் இருக்கு. பன்னி முதல்ல நுழையற இடத்துக்கு ஒரு வழியும் இல்லைன்னா விவசாயி என்ன பண்ணுவான்? இதைக் கிராமசபையில கேட்கணும், குறைதீர் கூட்டத்துல கேட்கணும். விடாம கேட்கணும். அதுக்குப் பதிலா பழைய டப்பாவைக் கைமாத்தறது வழி ஆகாது.

டப்பாவை அடுப்புக்கும் மோட்டார் ரூமுக்கும் தூரமா வெச்சுட்டு ஸ்டேஷனுக்குப் போன் பண்ணினேன். "நீங்க எடுத்துட்டு வராதீங்க, நாங்களே வர்றோம்"னாங்க. ரெண்டாம் நாள் வந்து எழுதி வாங்கிட்டு எடுத்துட்டுப் போனாங்க. உங்க வீட்டுப் பரண்லயும் இப்படி ஏதாச்சும் கிடந்தா அதையே பண்ணுங்க. சொந்தக்காரர் கேட்டாலும் கொடுக்காதீங்க.

நேத்து ராத்திரி டார்ச்சும் தகரமும் எடுத்துட்டு மாமா காட்டுக்குக் காவலுக்குப் போனேன். வான்னும் சொல்லலை, போன்னும் சொல்லலை. ரெண்டு மணிக்குப் பன்னி வந்துச்சு. ரெண்டு பேரும் தகரத்தைத் தட்டி வெரட்டினோம். விடியக்காலையில கிளம்பும்போது, "நாளைக்கும் வர்றியா மாப்ள?"ன்னு கேட்டார்.