மூன்று பெயர் பெற்ற வெறுங்கால்

ஜேர்மனியச் சிறுவரின் உடை வரலாறு கூறும் படநூல்களைப் புரட்டுவோர்க்கு ஒரு பக்கம் தவறாது எதிர்ப்படும். 1900 ஆம் ஆண்டை ஒட்டிய புகைப்படம் அது. மாலுமி உடை, கறுப்புக் காலுறை, கணுக்காலுக்கு மேலேறி, பக்கவாட்டில் பொத்தான் வரிசை பூட்டிய கறுப்புத் தோற் சப்பாத்து. கீழே, அக்காலச் சிறுவர் அணிந்த காலணி இதுவென ஒரு குறிப்பு. எந்தச் சிறுவர்? இவ்வொரு வினாவை எழுப்பாமையினாலேயே இத்துறையிற் பெரும்பாலான எழுத்து, வரலாறு என்னும் பெயருக்கு அருகதையற்றுப் போகின்றது என்பது நமது துணிபு.

அந்தப் பொத்தான் சப்பாத்தையே எடுத்துக்கொள்வோம். அதனை வெறும் விரலாற் பூட்டுதல் எளிதன்று. சிறு கொக்கியொன்று வேண்டும். நாலு வயதுக் குழந்தை அதனைத் தானே செய்துகொள்ள மாட்டாது. காலைதோறும் குனிந்திருந்து பூட்டிவிடத் தாய்க்கேனும் பணிப்பெண்ணுக்கேனும் பொழுது இருத்தல் வேண்டும். விடியுமுன் ஆலைக்கு ஓடும் தாய்க்கு அப்பொழுது ஏது? மேலேயுள்ள மாலுமி உடையோ கீல் துறைமுகத்தின் பெயரால் வழங்கியது. 1898 இலும் 1900 இலும் கடற்படைச் சட்டங்கள் இயற்றிப் போர்க்கப்பல் பெருக்கிய கைசர் இரண்டாம் வில்ஹெல்மின் ஆட்சியில், நடுத்தர வகுப்புப் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு அதனை விரும்பி அணிவித்தனர். ஆக, தலை முதற் கால்வரை அந்தப் படத்தில் நிற்பது ஒரு வகுப்பு. ஒரு நாட்டின் குழந்தைகள் அல்லர்.

யந்திரம் வந்து சப்பாத்தை மலிவாக்கியதன்றோ என்பர். மலிவாக்கியது, மறுக்கவில்லை. பிர்மாசென்ஸ், வைசென்பெல்ஸ் ஆகிய நகரங்கள் சப்பாத்தினாலேயே வளர்ந்தன. ஆயின் சலமாண்டர் நிறுவனம் பெரியோர் சப்பாத்துக்கு ஒரே விலையாக வைத்துப் பெயர்பெற்றது 12.50 மார்க், ஜேர்மன் தொழிலாளியின் சராசரி வருமானமோ முதலாம் உலகப் போருக்கு முன் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் மார்க். ஒரு சோடி, ஒரு வாரக் கூலியிற் பாதிக்கு மேல்! பிள்ளையின் சப்பாத்து விலை குறைவுதான்; ஆனால் பிள்ளையின் கால் வளர்கிறதே. மூத்தவனுக்குச் சிறுத்ததை இளையவன் அணிவான். அல்லது மரக்கட்டைச் செருப்பு. கோடை வந்தால் அதுவுமில்லை. 1898 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, விவசாயம் நீங்கலாகவே 5 இலட்சத்துக்கு மேற்பட்ட சிறுவர் கூலித்தொழிலில் இருந்ததைக் காட்டிற்று. 1903 ஆம் ஆண்டுச் சட்டங்கூட, பெற்றோரின் குடிசைத் தொழிலிற் பத்து வயதுப் பிள்ளையை வேலைவாங்க இடமளித்தது. இவர்களுடைய கால்களுக்குப் பாணி எது?

நிற்க. வெறுங்கால் அக்காலத்தில் இழிவு மாத்திரமன்று, அது மருந்துமாயிற்று! பவேரியப் பாதிரியார் செபஸ்ரியன் க்னைப், ஈரப்புல்லில் வெறுங்காலுடன் நடப்பதே நோய்க்கு மருந்தென்றார். 1897 இல் அவர் மறைந்த பின்னும் அம்மருத்துவம் பரவிற்று. 1901 இல் பேர்லினை அடுத்த ஸ்ரெக்லிற்சில் உருவான வாண்டர்போகல் இயக்கத்தின் மாணவர், நகரத்தின் நெருக்கத்தை வெறுத்துக் காடும் மலையும் நடந்தனர். வாழ்க்கைச் சீர்திருத்தம் பேசிய குடும்பங்களிற் குழந்தைகட்குத் திறந்த வார்ச்செருப்பு வந்தது. இயற்கையை நாடிய அவர்களை நாம் எள்ளவில்லை. எனினும், சப்பாத்து உள்ளவன் அதனைக் கழற்றினால் ஆரோக்கியம். இல்லாதவன் அவ்வாறே நடந்தால் அநாகரிகம். இது என்ன நீதி?

அறிவின் குறைவு என்றும் சொல்லமுடியாது. பெருவிரல் நேராக இருக்க இடம்விட்டே சப்பாத்து வெட்டப்படல் வேண்டுமென்பதைச் சூரிச் நகரத்து உடற்கூற்றறிஞர் ஹேர்மன் பொன் மேயர் 1850களின் இறுதியிலேயே நூலாக எழுதிவிட்டார். காலின் இயல்பான வடிவுக்கேற்ற மர அச்சுகளைச் செய்ய விழைந்த கார்ல் பென்ஷைற், அல்பெல்டில் பாகுஸ் ஆலையை நிறுவியது 1911 இல். இடையில் அரை நூற்றாண்டு! அதுகாறும் கூர்முனைப் பாணி பிஞ்சு விரல்களை நெருக்கிற்று. இன்று அவ்வாலையின் பெயரைச் சொன்னால், வால்ற்றர் குறோப்பியஸ் அமைத்த கண்ணாடிச் சுவரைப் பற்றியே எல்லாரும் பேசுவர். கால்விரலைப் பற்றிப் பேசுவார் அரியர்.

பின்னர் 1914 இற் போர் வந்தது. தோல் படைவீரரின் பாதங்களுக்குப் போயிற்று. கடல் முற்றுகையால் வெளியிலிருந்தும் வரவில்லை. 1916 இல் உடைக் கட்டுப்பாட்டு நிலையம் அமைந்து, சப்பாத்தும் அனுமதிச் சீட்டுக்கு உரியதாயிற்று. மர அடிகளும் காகித நூல் துணியும் தோலின் இடத்தைப் பிடித்தன. சிறுவரோ கோடையில் வெறுங்காலுடன் நடந்து தாய்நாட்டுக்குத் தோல் மிச்சம்பிடிக்குமாறு தூண்டப்பட்டனர். ஏழையின் பிள்ளை தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தது அன்றுதான் தேசபக்தி ஆயிற்று! பாதம் ஒன்றே: வறியவனிடம் இழிவு, வசதியுள்ளவனிடம் வைத்தியம், அரசுக்குத் தேவைப்பட்டபோது தொண்டு.

இருபதுகளில் தாழ்ந்த வார்ப்பட்டிச் சப்பாத்து வந்ததை, உயர்ந்த பூட்ஸிலிருந்து குழந்தை பெற்ற விடுதலை என்று படநூல்கள் கொண்டாடுகின்றன. கொண்டாடட்டும். பேர்லின் பின்முற்றங்களின் குழந்தைகளைத் தம் வாழ்நாளெல்லாம் வரைந்தவர் ஹைன்றிச் சீல்லே. 1929 இல் மறைந்தார். அவருடைய சித்திரங்கள் கலைநூல்களில் இருக்கின்றன, நகைச்சுவை நூல்களில் இருக்கின்றன. காலணி வரலாற்று நூல்களின் முதற்பக்கத்தில், அந்த மாலுமிச் சிறுவனுக்கு அருகே, அவற்றுள் ஒன்றையேனும் அச்சிடுமாறு கேட்கிறோம்.