மூக்குக்கு எட்டாத காறல்

நல்லெண்ணெய் காறிவிட்டதா என்று அறிய நம் வீடுகளில் யாரும் ஆய்வகத்துக்குப் போனதில்லை. மூடியைத் திறந்து முகர்ந்தால் தெரிந்துவிடும். மீன் எண்ணெய் மாத்திரையில் அதற்கு வழியில்லை. ஜெலட்டின் உறை வாடையை அடைத்துவிடுகிறது. மிச்சத்தைப் பல தயாரிப்புகளில் எலுமிச்சை மணம் மூடிவிடுகிறது.

மீன் எண்ணெய் என்றால் பாதரசம், டையாக்சின் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். முறையான சுத்திகரிப்பில் அவை பெருமளவு நீங்கிவிடும். காறல் அப்படியல்ல. சுத்திகரித்த பிறகும் தொடரும். அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்புக்குக் காற்றும் வெப்பமும் ஆகாது. பெரு நாட்டுக் கடலில் பிடித்த நெத்தலியின் எண்ணெய் கப்பலேறி, குப்பியில் அடைபட்டு, சித்திரை வெயிலில் லாரியில் வந்து, கடை அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்தால் என்ன ஆகும்?

நியூசிலாந்தில் விற்ற 32 மீன் எண்ணெய்த் தயாரிப்புகளைச் சோதித்த ஆய்வு 2015இல் வெளியானது. அட்டையில் போட்ட அளவுக்கு இ.பி.ஏ., டி.எச்.ஏ. ஆகிய ஒமேகா-3 கொழுப்புகள் இருந்தவை மூன்றே. பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை காறலைக் காட்டும் பெராக்சைடு அளவின் வரம்பைத் தாண்டியிருந்தன. உற்பத்தியாளர்கள் இதை மறுத்தார்கள். அட்டைப்படியே சரியாக இருந்ததாகச் சொன்ன ஆய்வுகளும் உண்டு. யார் சொல்வது சரி என்று வாங்குபவர் எப்படித் தீர்மானிப்பார்?

அளவுகோல் இல்லாமல் இல்லை. சர்வதேச உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பின் 2017ஆம் ஆண்டுத் தரநிலை பெராக்சைடு 5, காறலின் அடுத்த கட்டத்தைக் காட்டும் அனிசிடின் 20, பெராக்சைடை இரட்டித்து அனிசிடினைக் கூட்டிய கணக்கு 26 என்று வரம்பு கட்டியிருக்கிறது. பெராக்சைடை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம்: எண்ணெய் மேலும் கெடும்போது அந்த எண் ஏறிப் பின் இறங்கும். பழைய எண்ணெய் புதிது போல் வேடமிடும். மணமூட்டிகளோ அனிசிடின் சோதனையையே குழப்பும். ஆனால் பெராக்சைடு சோதனைக்குப் பெரிய கருவி ஏதும் வேண்டாம், கல்லூரி வேதியியல் மாணவருக்குத் தெரிந்த டைட்ரேஷன்தான். சோதிக்காமல் இருக்கச் செலவைக் காரணம் காட்டுவதை ஏற்க முடியாது.

இந்த மாத்திரைகள் நம் நாட்டில் பெரும்பாலும் மருந்தாக அல்ல, உணவாகவே விற்கின்றன. ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அச்சிடச் சொல்லும் உணவுப் பாதுகாப்பு ஆணையம், உள்ளே இருப்பது கெடாத எண்ணெய்தானா என்பதற்கும் பொறுப்பேற்க வேண்டும். ஆலையிலிருந்து புறப்பட்ட நாளின் சான்றிதழ் போதாது. காலாவதி நெருங்கும் குப்பிகளைக் கடையிலிருந்தே எடுத்துச் சோதித்து, தொகுதி எண்ணோடு முடிவை எல்லோரும் பார்க்க வெளியிட வேண்டும். முதல் சுற்றை வரும் கோடையிலேயே, குளிரூட்டி இல்லாத கடைகளிலிருந்து தொடங்கட்டும்.