தேயாத வாளும் அளவு மோசடியும்

பிள்ளைகளின் வீடியோ கேம் சண்டை நம் செவிக்கு எட்டும்போது நம்மிடம் இரண்டே பதில்கள் உள்ளன. ஒன்று, போனைப் பிடுங்கிக்கொள்வது. மற்றது, “விளையாட்டுத்தானே, விடு” என்பது. இவற்றுள் இரண்டாவது பதிலே அதிகக் கேடு விளைவிக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

தாண்டிக்குடியில் மக்தபுக்கு வரும் இரு மாணவர்கள் அண்மையில் பேச்சை முறித்துக்கொண்டனர். இருவரும் சேர்ந்து மைன்கிராஃப்ட் விளையாடுபவர்கள். அவ்விளையாட்டில் ஒவ்வோர் ஆயுதத்திற்கும் ஓர் ஆயுள் உண்டு. மரவாளுக்கு 59 அடிகள், கல்வாளுக்கு 131, இரும்புவாளுக்கு 250, வைரவாளுக்கு 1561. தங்கவாளுக்கு வெறும் 32. அழகுக்காக மட்டும் செய்தார்கள் போலும்! ஆயுள் தீர்ந்தால் வாள் உடையும். மீண்டும் சுரங்கம் தோண்டிப் பொருள் தேட வேண்டும்.

இருவருள் ஒருவன், தன் வாள் மட்டும் தேயாதபடி ஓர் ஆட்-ஆனை இரகசியமாகச் சேர்த்துக்கொண்டான். நண்பனோ வாரக்கணக்கில் வைரம் தேடி வாள் செய்துகொண்டே இருந்தான். “உனக்கு வாளைப் பார்த்துப் பயன்படுத்தத் தெரியவில்லை” என்ற ஏளனத்தையும் அவன் கேட்க நேர்ந்தது. உண்மை வெளிப்பட்டபோது பெரியவர்கள் சிரித்தார்கள்.

சிரிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது? காப்பியும் மிளகும் விளைவித்து விற்கும் நம் மலை மக்களுக்குத் தராசைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மூட்டைக்கு அரைக்கிலோ விழுங்கும் தராசைக் கண்டால் நாம் சும்மா இருப்போமா? வாளின் தேய்மானமும் ஓர் அளவுதான். இருவர் சேர்ந்து ஆடும் களத்தில் ஒருவருக்கு ஓர் அளவு, மற்றவருக்கு வேறோர் அளவு என மறைவாக வைத்தால் அதற்கு மோசடி என்பதைத் தவிர வேறு பெயரில்லை. தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்கு அளக்கும்போது குறைப்போரைக் கண்டித்தே திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. மக்தபில் அதை ஓத வைத்துவிட்டு, வீட்டில் “விடு” என்பது எவ்வகை நியாயம்?

அதற்காகத் தேய்மானத்தை மாற்றுவதே பாவம் என்று முழங்குவோருடனும் எனக்கு உடன்பாடில்லை. தனியே ஆடும் பிள்ளை தன் வாளைத் தேயாமல் வைத்துக்கொண்டால் யாருடைய உரிமை பறிபோகிறது? மைன்கிராஃப்டின் கிரியேட்டிவ் முறையில் எந்தக் கருவியும் தேய்வதில்லை. செய்தவர்களே தந்த வசதி அது. 2017இல் வந்த செல்டா விளையாட்டில் ஆயுதங்கள் அடிக்கடி உடைவதைக் கண்டு வளர்ந்தவர்களே சலித்துக்கொண்டனர். இருவர் வெளிப்படையாகப் பேசி, “நம் உலகில் வாள் தேய வேண்டாம்” என்று முடிவு செய்தாலும் குற்றமில்லை. மறைத்ததே குற்றம்.

2014இல் வெளியான டார்க் சோல்ஸ் 2 விளையாட்டில் வினோதமான ஒரு பிழை இருந்தது. நொடிக்கு 60 படச்சட்டங்கள் ஓடும் கணினியில், 30 ஓடும் கருவிகளைவிட ஆயுதங்கள் இருமடங்கு வேகத்தில் தேய்ந்தன. எவரும் திட்டமிட்டுச் செய்ததன்று. ஆயினும் ஆடுவோர் முறையிட்டனர். 2015இல் அது திருத்தப்பட்டது. அறியாமல் நேர்ந்த ஏற்றத்தாழ்வையே அவர்கள் பொறுக்கவில்லை. நாம் அறிந்து செய்ததைச் சிரித்துக் கடக்கிறோம்.

தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் இத்தகைய வழக்கைத் தீர்க்க வராது. இது வீட்டில் தீர்க்கப்பட வேண்டியது.

அம்மாணவனின் அத்தாவிடம், போனைப் பிடுங்க வேண்டாம் என்றேன். நண்பன் முன்னிலையில் அந்த ஆட்-ஆனை நீக்கட்டும், தன்னிடமுள்ள வைரங்களில் பாதியைக் கொடுக்கட்டும், ஏளனம் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கட்டும் என்றேன். “கேம் வைரத்திற்கா, ஹஜ்ரத்?” என்று அவர் வியந்தார். அதைத் தேடி அந்தப் பிள்ளை செலவிட்ட மாலைப்பொழுதுகள் கேம் அல்லவே என்றேன். யோசித்துச் சொல்வதாகக் கூறிச் சென்றிருக்கிறார்.